வெளிர் கோட்டில் வரைந்த கல்

செங்கொடி என்று பெயர் வைத்த மகள் ஒருநாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மற்றவர்கள் போட்ட கோடுகளை மங்கலாக்கும் வேலை பார்ப்பாள் என்று கோதண்டம் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். அவர் எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சங்கத்து ஆள். கேட் முன்னால் கூட்டம் நடந்துகொண்டிருந்த நேரத்தில் குழந்தை பிறந்த சேதி வந்தது. கையில் எதைப் பிடித்திருந்தாரோ அதையே பெயராக வைத்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுத்த டீச்சர்கள் அந்தப் பெயர் வந்ததும் தலையைத் தூக்கி ஒருமுறை பார்ப்பார்கள். அங்கே வாயைத் திறக்காத ஒல்லிப் பெண் ஒருத்தி நின்றுகொண்டிருப்பாள். தொழிற்சாலைக்குப் பூட்டு விழுந்த பிறகு கோதண்டமும் அதிக காலம் இருக்கவில்லை. சங்கம் போனது, அவரும் போனார், பெயர் மட்டும் மகளிடம் மிஞ்சியது.

அம்மா பூவம்மா, திருவொற்றியூருக்கு வடக்கே சங்குமுனைக் குப்பத்துக்காரி. புருஷன் சம்பளக்காரனாக இருந்த காலத்திலும் காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பதை அவள் விடவில்லை. மகன் மணி மாமன்மாரோடு கடலுக்குப் போனான். செங்கொடி மட்டும் கட்டடத் துறையில் டிப்ளமோ முடித்து, ராயபுரத்தில் அலெக்ஸாண்டர் நடத்தும் வரைபட ஆபீசில் சேர்ந்தாள். நடுவில் ஒரு கல்யாணம் நடந்தது. அது சரிப்பட்டு வரவில்லை. யாராவது அதைக் கிளறினால், "லிங்க் கட்டாயிடுச்சு" என்று ஆபீஸ் பாஷையில் சொல்லிவிட்டு மானிட்டர் பக்கம் திரும்பிக்கொள்வாள். அதற்கு மேல் கேட்கும் தைரியம் யாருக்கும் வந்ததில்லை.

அந்த ஆபீசில் அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பது குப்பத்தில் ஒருத்தருக்கும் விளங்கியது கிடையாது. அது அவர்கள் குற்றமும் இல்லை. வீடு கட்டுவதென்றால் ஒரே ஒரு படம் என்றுதான் நாமெல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நிலத்தை அளந்தவன் ஒரு படம் போடுவான். தூணுக்குக் கணக்குப் போடுகிறவன் ஒன்று, தண்ணீர்க் குழாய்க்காரன் ஒன்று, கரண்டுக்காரன் ஒன்று என்று ஆளாளுக்குத் தனித்தனியாகப் போடுவார்கள். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து வைப்பதற்குத்தான் லிங்க் என்று பெயர். கோத்ததை அப்படியே திறந்தால், கொசுவலையை நாலாக மடித்துக் கண்ணுக்கு முன்னால் பிடித்த மாதிரி இருக்கும். ஒன்றும் புரியாது. அந்தச் சிக்கலில் எது தெரியவேண்டும், எது மங்கவேண்டும், எது மறையவேண்டும் என்று ஒவ்வொரு தாளுக்கும் முடிவு செய்து வைப்பது செங்கொடியின் வேலை. ஆபீசில் அதற்கு அவளை விட்டால் ஆள் இல்லை.

அலெக்ஸாண்டருக்கு ஒரு சட்டம் உண்டு. கட்டப்போவதெல்லாம் கறுப்பாக இருக்கவேண்டும், ஏற்கெனவே இருப்பதெல்லாம் வெளிறிப்போய்ச் சாம்பல் நிறத்தில் கிடக்கவேண்டும். அவர் மோசமான மனிதர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாமல் போவார், சம்பளத்தை இழுத்தடிக்க மாட்டார். ஆனால் தாளில் பழைய சுவர் ஒன்று கொஞ்சம் அழுத்தமாகத் தெரிந்துவிட்டால் போதும், முகம் சுண்டிவிடும்.

"யாரும்மா இந்தப் பழசப் பாக்கப்போறாங்க? மங்கலாக்கு செங்கொடி" என்பார்.

அவளும் மங்கலாக்குவாள். மரம், கிணறு, சுற்றுச்சுவர், யாரோ குடியிருந்த வீடு எல்லாம் ஒரே ஒரு டிக் அடித்தால் சாம்பலாகிவிடும்.

மணி கடலில் போனது அவனுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயத்தில். அதே குப்பத்துக் கோவிந்தம்மாவின் புருஷனும் அவனும் ஒரே போட்டில் போனார்கள். காற்று திரும்பியது. போட்டை மட்டும் பழவேற்காடு பக்கம் கவிழ்ந்த நிலையில் கண்டுபிடித்து இழுத்துவந்தார்கள். சங்குமுனையில் ஒரு வழக்கம் இருக்கிறது. உடம்பு கரை ஒதுங்கினால் ஊரார் எல்லாருக்கும் செய்வதுபோலக் காரியம் செய்வார்கள். ஒதுங்காவிட்டால் ஒரு பருவம் காத்திருப்பார்கள். பிறகு அந்தப் போட்டில் கிடந்த நங்கூரக் கல்லை எடுத்துவந்து, கயிறு கட்டிய துளை கடலைப் பார்த்திருக்கும்படி நட்டுவிடுவார்கள். இரும்பு நங்கூரம் வந்த பிறகும் சின்ன போட்டுகளில் கயிற்றோடு ஒரு கல் கிடக்கத்தான் செய்கிறது. கடைசி நிமிஷம் வரை அவர்களோடு இருந்தது அந்தக் கல்தானே, அதற்குத் தெரியும் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது கணக்கு.

முன்னால் நட்ட கற்களையெல்லாம் கரையோடு சேர்த்துக் கடலே அரித்து எடுத்துக்கொண்டது. அதனால் மணிக்கும் கோவிந்தம்மாவின் புருஷனுக்கும் பொதுவான கல்லைக் கரையை விட்டுத் தள்ளி, அரசு கட்டிக்கொடுத்த பழைய அடுக்கு வீடுகளின் பின்பக்கத்தில் நட்டார்கள். பூவம்மா அமாவாசைக்கு அமாவாசை அங்கே போய் மஞ்சள் பூசி, சூடம் கொளுத்துவாள். கோவிந்தம்மாவும் வருவாள். இரண்டு பேரும் அழுவதில்லை. மீன் விலையைப் பற்றியும் முட்டி வலியைப் பற்றியும் பேசிக்கொண்டு கல்லுக்குப் பக்கத்தில் குந்திவிட்டு எழுந்து போவார்கள். பூவம்மாவுக்கு மகன் இருக்கும் இடம் அதுதான். வேறு இடம் கிடையாது.

அடுக்கு வீடுகள் உப்புக் காற்றில் இற்றுப்போய், கூரை பெயர்ந்து விழ ஆரம்பித்ததும், இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித்தருவதாகச் சொன்னார்கள். ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் வாடகைக்குப் போனார்கள். சிலர் புளியந்தோப்புக்கு, சிலர் வேறெங்கோ. பூவம்மாவும் செங்கொடியும் மாத்தூருக்குப் போனார்கள். அங்கே காற்று அடித்தால் மணலி ஆலைகளின் நாற்றம்தான் வரும். கடல் இல்லாத வீட்டில் பூவம்மாவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அந்தப் புதுக் கட்டடத்துக்குப் படம் போடும் வேலை அலெக்ஸாண்டரின் ஆபீசுக்கே வந்தது. சேதி தெரிந்ததும் குப்பத்து ஜனம் குளிர்ந்துபோனது. நம்ம கோதண்டம் பொண்ணுதான் படம் போடுது, இனிமேல் யாரும் நம்மை ஏமாற்ற முடியாது என்று புளியந்தோப்பிலிருந்துகூட போன் செய்து சொன்னார்கள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவள் வேலைக்கு ஒரு மரியாதை வந்தது. செங்கொடிக்கு உள்ளுக்குள் பெருமை பிடிபடவில்லை. அதை ஏன் மறைக்கவேண்டும், அவள் சந்தோஷமாக இருந்த கடைசிச் சமயம் அதுதான்.

பூவம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். மாத்தூர் வீட்டில் மீன் ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"கல்லு இருக்குமில்ல கொடி?"

"இருக்கும்மா. அத்த எவன் தொடுவான்?"

"எவன் தொடுவான்னு எனக்கு இன்னா தெரியும்? நீதான படம் போடுற. உன் படத்துல இருந்தா இருக்கும். இல்லாங்காட்டி எத்து எறிஞ்சிருவானுங்கோ."

செங்கொடி மறுநாள் ஆபீசில் நிலம் அளந்த படத்தைத் திறந்து பார்த்தாள். இடிந்த சுவர் இருந்தது, போர்வெல் இருந்தது, ஒற்றை வேப்பமரம்கூட இருந்தது. கல் இல்லை. அளந்தவனைக் குறை சொல்லி என்ன பயன், இடிபாடு கிடக்கும் இடத்தில் அது அவன் கண்ணுக்கு இன்னொரு கல்லாகத்தான் தெரிந்திருக்கும். அடுத்தவர் அளந்த படத்தில் நாம் கை வைக்கக்கூடாது என்பது அந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த ஒழுங்கு. ஆகவே அவளே டேப்பை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனாள். சைட்டில் வாட்ச்மேனாக இருந்தவன் டில்லிபாபு, மணியின் கூட்டாளி. அவன் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். வேப்பமரத்திலிருந்து எவ்வளவு, சுவர் மூலையிலிருந்து எவ்வளவு என்று அளந்துவந்து, ஒரு சின்ன வட்டத்தைத் தனிப் படமாகப் போட்டாள். அதைக் கட்டட வளாகத்தின் பெரிய படத்தோடு கோத்தாள். வட்டத்தைச் சுற்றி, இங்கே எதுவும் வரக்கூடாது என்று ஒரு எல்லையும் போட்டுவைத்தாள்.

அப்படிக் கோக்கும்போது கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்கும். இந்தப் படம் உன்னோடு மட்டும் நிற்கட்டுமா, இல்லை உன் படத்தை வேறொருவர் எடுத்துத் தன் படத்தோடு கோத்தால் அவரிடமும் கூடவே போகட்டுமா? கூடவே போகவேண்டுமானால் அட்டாச்மெண்ட். இங்கேயே நிற்கவேண்டுமானால் ஓவர்லே. முன்பொரு தடவை நில அளவைப் படம் கூடவே போய், அங்கே ஏற்கெனவே இருந்த அதே படத்தோடு மோதி, எல்லாக் கோடும் இரட்டை இரட்டையாகத் தெரிந்து, அலெக்ஸாண்டர் ஆபீசே அதிரும்படி சத்தம் போட்டார். அன்றிலிருந்து நிலம் சம்பந்தப்பட்ட எந்தப் படம் ஆனாலும் செங்கொடி ஓவர்லேதான். யோசிக்கவே மாட்டாள். வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோலக் கை தானாகப் போகும். அன்றைக்கும் போனது.

அவள் திரையில் கல் தெரிந்தது. அவள் அச்செடுத்த தாளிலும் தெரிந்தது. அவளுக்குச் சந்தேகம் வர வழியே இல்லை.

குப்பத்து ஜனத்தைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டிச் சம்மதம் வாங்கும் கூட்டம், கடற்கரைப் பள்ளிக்கூடத்தின் ஷெட்டில் நடந்தது. அதிகாரிகள் வந்திருந்தார்கள், கட்டப்போகும் கம்பெனியின் இன்ஜினியர் காஜா மொய்தீனும் வந்திருந்தார். பெரிய தாளைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். பூவம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எங்கடி கல்லு?"

செங்கொடி விரலை வைத்துக் காட்டினாள். பூவம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, இம்மாத்தூண்டு. கண்ணுக்கே தெரியலியே. அந்த வூடெல்லாம் மட்டும் கருப்பா கொட்டை கொட்டையா போட்டு வச்சிகீற."

"இருக்கிறதெல்லாம் அப்டிதாம்மா வரும். புச்சா வர்றதுதான் கருப்பா வரும்."

"நல்ல வழக்கம்டி உங்க ஆபீசு" என்றாள் பூவம்மா. ஆனாலும் அவள் முகம் தெளிந்துதான் இருந்தது. கோவிந்தம்மாவையும் இழுத்துவந்து காட்டினாள். கல் இருக்கிறது என்று பூவம்மா சொன்ன பிறகு குப்பத்தில் யாரும் வேறு கேள்வி கேட்கவில்லை. கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் போட்டார்கள், மற்றவர்கள் கட்டைவிரலை வைத்தார்கள்.

மழைக்காலம் முடிந்து வேலை ஆரம்பித்தது. அமாவாசைக்கு முந்தின நாள், செங்கொடி ஆபீஸ் படியில் ஏறிக்கொண்டிருக்கும்போது டில்லிபாபுவின் போன் வந்தது.

"அக்கா, கொஞ்சம் வந்துட்டுப் போறியா?"

"இன்னாடா?"

"கல்லக் காணோம்க்கா."

அவள் ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, கல் நின்ற இடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு குழி இருந்தது. அடியில் கான்கிரீட் போட்டுக் கம்பி கட்டியிருந்தார்கள். மொத்தக் கட்டடத்துக்கும் தண்ணீர் தேக்கும் தரைத்தொட்டியைக் கம்பெனிக்காரர்கள் தங்கள் படத்தில் அங்கேதான் போட்டிருந்தார்கள். டில்லிபாபு தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு போட்டிருந்த நாட்களில் தோண்டியிருக்கிறார்கள். தோண்டிய மண்ணும் கல்லும் லாரியில் ஏறிப் போய்விட்டன. வேப்பமரம் அப்படியே இருந்தது, அதைச் சுற்றிப் பாதுகாப்பாகத் தகரம்கூட அடித்திருந்தார்கள். மரம் படத்தில் இருந்தது, விட்டுவிட்டார்கள்.

காஜா மொய்தீன் கண்டெய்னர் பெட்டிக்குள் ஆபீஸ் வைத்திருந்தார். அவள் வந்து நின்ற கோலத்தைப் பார்த்து எழுந்துவிட்டார்.

"சார், அங்க ஒரு கல் இருந்துச்சு. நாங்க படத்துல காட்டியிருந்தோம். சுத்தி எல்லையும் போட்டிருந்தோம்."

"மேடம், எங்க ஃபைல்ல அப்படி ஒண்ணு வரவே இல்லையே. நீங்க அனுப்பினதத்தான் லிங்க் பண்ணி வச்சிருக்கோம். நீங்களே பாருங்க."

நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டார். அவருடைய படத்துக்குள் அவளுடைய வளாகப் படம் இருந்தது. கட்டடம் இருந்தது, பாதை இருந்தது, வேப்பமரமும் இருந்தது, அது அவர்களிடமே இருந்த அளவைப் படத்திலிருந்து வந்தது. கல் நிற்கவேண்டிய இடம் வெள்ளையாக, துடைத்துவிட்டதுபோலக் கிடந்தது. யாரோ மறைத்து வைத்திருப்பார்கள் என்று நினைத்து ஒவ்வொரு லேயராகத் திறந்து பார்த்தாள். எதுவும் மறைந்திருக்கவில்லை. கடைசியில் கோத்த படங்களின் பட்டியலைத் திறந்தாள். அவளுடைய சின்ன வட்டம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அது வரவே இல்லை. வராமல் பார்த்துக்கொண்டது, ஓவர்லேக்குப் பழகிய அவளுடைய கை.

"மேடம், தண்ணி குடிங்க" என்றார் காஜா மொய்தீன்.

அவள் குடிக்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் தோன்றவில்லை. வெளியே கம்பி வெட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அலெக்ஸாண்டர் போனில் ரொம்பப் பொறுமையாகத்தான் பேசினார். "இங்க பாரும்மா செங்கொடி. அதிகாரிங்க பாத்த தாள்ல கல் இருக்கு. ஜனங்க பாத்த தாள்லயும் இருக்கு. ஃபைலை எடுத்து வச்சிக்கிட்டு அந்தத் தாளோட ஒப்பிட்டுப் பாக்காதது அவங்க தப்பு. நம்ம மேல யாரும் விரல் நீட்ட முடியாது." அவர் சொன்னது காகிதத்தில் பார்த்தால் உண்மைதான். அந்த உண்மையை வைத்துக்கொண்டு அம்மாவிடம் என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

டில்லிபாபுவைக் கூட்டிக்கொண்டு, லாரிக்காரன் சொன்ன இடத்துக்குப் போனாள். அது மாதவரம் தாண்டி ஒரு பள்ளம். ஊரில் இடித்ததெல்லாம் அங்கே கிடந்தது. செங்கல்லும் சிமெண்டும் கழிவறைப் பீங்கானும் கல்லும் மலையாகக் குவிந்திருந்தன. துளை போட்ட கல் என்று தேடினார்கள். டில்லிபாபு ஒவ்வொரு கல்லாகப் புரட்டிப் பார்த்து, உள்ளங்கையெல்லாம் கிழித்துக்கொண்டான். அவர்கள் கண் முன்னாலேயே இன்னொரு லாரி வந்து, தேடிய இடத்தின் மேலேயே கொட்டிவிட்டுப் போனது.

"போலாம்க்கா" என்றான் அவன். "இதுல எங்கன்னு தேடுறது?"

வீட்டுக்கு வந்தபோது பூவம்மா மறுநாளைக்கு மஞ்சளும் சூடமும் எடுத்து மஞ்சப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள். மகளின் சேலையில் ஒட்டியிருந்த புழுதியைப் பார்த்தாள்.

"இன்னாடி, எங்க போய் பொரண்டுட்டு வர்ற?"

செங்கொடி சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. பூவம்மா பையைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உன் படத்துல இருந்துச்சே. நான் பாத்தேனே."

"என் படத்துல இருந்துச்சும்மா. அவங்க படத்துக்குப் போகல."

"ஏன் போகல?"

"நான்தான் போகாத மாதிரி வச்சிட்டேன். தெரியாம வச்சிட்டேன். எப்பவும் அப்டித்தான் வைப்பேன், பழக்கத்துல..."

பூவம்மா திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். பூவம்மா மஞ்சப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

திட்டியவள் கோவிந்தம்மா. சேதி கேட்டுப் புளியந்தோப்பிலிருந்து பஸ் பிடித்து வந்து, மாத்தூர்த் தெருவில் நின்று பேசினாள். "உன்ன நம்பிதானடி ரேகை வச்சோம். வேற எவனாவது படம் போட்டிருந்தா நாங்கோ ஆயிரம் கேள்வி கேட்டிருப்போம். நம்ம பொண்ணு, நம்ம பொண்ணுன்னு கம்முனு இருந்தோம். உன் தம்பிக்கும் அதானடி கல்லு?" அக்கம்பக்கத்தார் வாசலில் நின்று பார்த்தார்கள். செங்கொடி தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். கோவிந்தம்மா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கடைசியில் கோவிந்தம்மாவே அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அது திட்டியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

காஜா மொய்தீன் நல்ல மனுஷர். தொட்டியை மாற்ற முடியாது, கம்பி கட்டிக் கான்கிரீட் விழுந்துவிட்டது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். தன் பொறுப்பில் ஒரு கறுப்புக் கிரானைட் கல் வாங்கி, இரண்டு பேர் பெயரையும் செதுக்கி, நுழைவாசல் பக்கம் வைத்துத் தருவதாக டில்லிபாபு மூலம் சொல்லியனுப்பினார். பூவம்மா அதற்கு மட்டும் வாயைத் திறந்தாள்.

"புச்சு கல்லு இன்னாத்துக்கு? அது அவன் போட்ல இருந்த கல்லு. இந்தக் கல்லுக்கு அவன யாருன்னு தெரியுமா?"

அந்த அமாவாசைக்கு அவள் எங்கும் போகவில்லை. அடுத்ததற்கும் போகவில்லை. மீன் விற்கப் போனாள், வந்தாள், சோறு பொங்கினாள், மகளுக்குப் போட்டாள். பேச்சு மட்டும் தேவைக்கு மேல் ஒரு சொல் கிடையாது. ஆணியில் மஞ்சப்பை அப்படியே தொங்கியது. செங்கொடி ஆபீசில் எப்போதும்போல வேலை செய்தாள். படங்களைக் கோத்தாள், மங்கலாக்கினாள், மறைத்தாள். ஓவர்லே என்ற சொல் வரும் இடத்தில் மட்டும் கை நின்றுவிடும். ஒவ்வொரு தடவையும் இரண்டு முறை படித்துப் பார்ப்பாள். இனிமேல் படித்துப் பார்த்து யாருக்கு என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றும்.

ஒரு பகல் வேளையில், மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் இறங்கிப் போயிருந்தபோது, படியில் அலுமினிய அன்னக்கூடை இடிக்கும் சத்தம் கேட்டது. பூவம்மா ஏறி வந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் இந்த ஆபீசுக்கு வந்ததே கிடையாது. மீன் நாற்றம் அடிக்கும் என்று கூச்சம். கூடையைக் கதவுக்கு வெளியிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தாள். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுலதான் போடுவியா?"

"ஆமாம்மா. குந்து."

பூவம்மா குந்தவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

"அத்தக் காட்டு."

எதை என்று செங்கொடி கேட்கவில்லை. வளாகப் படத்தைத் திறந்து, அந்த மூலையைப் பெரிதாக்கிக் காட்டினாள். வேப்பமரம் வந்தது, சுவர் வந்தது, சாம்பல் நிறத்தில் சின்ன வட்டமும் வந்தது. பூவம்மா குனிந்து பார்த்தாள். அவள் மூச்சு மகளின் காதில் பட்டது.

"கொஞ்சம் கருப்பாக்கேன். கண்ணு தெரியல."

செங்கொடி லிங்க் பட்டியலைத் திறந்து, வட்டத்துக்கு நேராக இருந்த டிக்கை எடுத்தாள். வட்டம் கன்னங்கரேலென்று எழுந்து நின்றது. மற்றதெல்லாம் வெளிறிக் கிடக்க அது ஒன்றுதான் கண்ணில் பட்டது. இதை அன்றைக்கே, அந்தக் கூட்டத்துக்கு அச்செடுத்த தாளிலேயே செய்திருக்கலாம். ஒரு டிக்தான். பூவம்மா விரலை நீட்டினாள். கண்ணாடியைத் தொடாமல், வட்டத்தைச் சுற்றி ஒருமுறை, மஞ்சள் பூசும்போது கை போவதுபோலக் கொண்டுபோனாள்.

"இப்போ அங்க இன்னா கீது?"

"தண்ணித் தொட்டிம்மா."

"தொட்டியக் காட்டு."

செங்கொடிக்கு அதைச் செய்ய மனமில்லை. ஆனால் அம்மா இத்தனை நாள் கழித்துப் பேசுகிறாள். கம்பெனியிலிருந்து வந்த படத்தைக் கோத்துத் திறந்தாள். வட்டத்தின் மேலேயே ஒரு கட்டம் வந்து உட்கார்ந்தது. வட்டம் அதற்குள் அப்படியே தெரிந்தது.

"தொட்டிக்குள்ள கீதே" என்றாள் பூவம்மா. குரலில் என்னவோ ஒன்று எட்டிப் பார்த்தது. "கொடி, கல்லு தண்ணிக்குள்ள கீற மாதிரி கீதே."

செங்கொடியால் அந்தக் குரலைத் தாங்க முடியவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு கணம் நினைத்தாள். தொட்டிக்கு அடியில் இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது, போய்ச் சூடம் ஏற்று என்று சொல்லிவிட்டால் அம்மா நம்பிவிடுவாள். மகள் போட்ட படத்தை அவள் ஏற்கெனவே நம்பியவள்தானே.

"இல்லம்மா. ரெண்டு படத்த மேல மேல வச்சதால அப்டித் தெரியுது. கல்லு அங்க இல்ல."

கீழே தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. பூவம்மா நாற்காலியிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்போ அத்த அணைச்சிரு. இல்லாதத இருக்கிற மாதிரி காட்டாத. ஏற்கெனவே ஒரு தபா காட்டிட்ட."

செங்கொடி வட்டத்தை மறைத்தாள். கட்டம் மட்டும் நின்றது.

"பூடுச்சா?"

"மறைச்சிருக்கேம்மா."

"மறைக்காத. எடுத்துடு."

வட்டம் இருந்த படத்தை நீக்குவதற்குக் கம்ப்யூட்டர் ஒருமுறை அனுமதி கேட்டது. நீக்கினால் திரும்பக் கொண்டுவர முடியாது என்று எச்சரித்தது. பூவம்மாவுக்கு அதைப் படிக்கத் தெரியாது. செங்கொடி இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, சரி என்று இருந்த இடத்தை அழுத்தினாள்.